இருபது யூரோ கயிறு

வானொலியில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது மோசடியைப் பற்றிப் பேசிவிடுவேன். “தெரியாத எண்ணிலிருந்து அழைப்பா? வைத்துவிடுங்கள். சந்தேகமாக இருக்கிறதா? 1799ஐ அழைத்துக் கேளுங்கள்.” தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அதனால் 2024 டிசம்பரில் அம்மாவைப் பாரிசுக்கு அழைத்துப் போனபோது எனக்குக் குளிரைவிடத் திருடர்களைப் பற்றித்தான் அதிகக் கவலை. கடப்பிதழ்களின் நகல் ஒன்று கைப்பேசியில், ஒன்று பெட்டியில். பணத்தை மூன்று இடங்களில் பிரித்து வைத்தேன். அம்மாவின் கைப்பையைக் குளிர்ச்சட்டைக்கு உள்ளே மாட்டிவிட்டேன். வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. “ஏழு மாசம் போல இருக்கு,” என்றார் அம்மா. அவர் சிரித்துப் பார்த்தே நாளாகியிருந்தது.

முதல் சோதனை விமான நிலையத்திலேயே வந்தது. “டாக்சி, டாக்சி” என்று ஒருவர் எங்கள் பெட்டியின் கைப்பிடியையே பிடித்துவிட்டார். ஷார்ல் து கோல் விமான நிலையத்திலிருந்து பாரிஸ் நகருக்குள் போக டாக்சிக்கு நிலையான கட்டணம் உண்டு. நாங்கள் போன ஆண்டில் அது சேன் ஆற்றின் வலது கரைக்கு 56 யூரோ, இடது கரைக்கு 65 யூரோ. வெளியே வரிசையில் நிற்கும் அதிகாரபூர்வ டாக்சியில் ஏறினால்தான் இந்தக் கணக்கு செல்லும். உள்ளே வந்து கூவி அழைப்பவரோடு போனால் அவர் கேட்பதுதான் கட்டணம். பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு வரிசைக்கு நடந்தேன்.

மறுநாள் ஆற்றங்கரையில் ஒரு பெண் எங்கள் காலடியில் குனிந்து தங்க மோதிரம் ஒன்றை எடுத்தார். “உங்களுடையதா?” இல்லை என்றால், “எனக்குப் பொருந்தவில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்,” என்று கையில் திணிப்பார். நாலு அடி நடந்ததும் சாப்பாட்டுக்குக் காசு கேட்பார். மோதிரம் பித்தளை. லூவர் அருங்காட்சியகத்துக்கு வெளியே இளம்பெண்கள் சிலர் அட்டையும் பேனாவும் நீட்டிக் கையெழுத்து கேட்டார்கள். கையெழுத்துப் போட்டால் நன்கொடை கேட்பார்கள். நாம் குனிந்து எழுதும் நேரத்தில் இன்னொரு கை நம் பைக்குள் போவதும் உண்டு. ஐஃபல் கோபுரத்துக்குப் பக்கத்தில் மூன்று கிண்ணமும் ஒரு பந்தும் வைத்துச் சூதாட்டம். சுற்றி நின்று ஆர்ப்பரித்து ஜெயிக்கிறவர்கள் எல்லாம் அவர்களுடைய ஆட்கள்.

ஒவ்வொன்றையும் அம்மாவுக்கு விளக்கிக்கொண்டே போனேன். சிறு பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது. அம்மா தலையாட்டிக்கொண்டே வந்தார். எதுவும் கேட்கவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பு அம்மாவுக்கு ஓர் அழைப்பு வந்தது. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னார்கள். உங்கள் அட்டையை யாரோ தவறாகப் பயன்படுத்துகிறார்கள், அதிகாரியிடம் இணைக்கிறோம் என்றார்கள். அந்த ‘அதிகாரி’ மிக மரியாதையாகப் பேசினாராம். ஒரு மணி நேரம் அழைப்பைத் துண்டிக்கவே விடவில்லை. அம்மா பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். சேமிப்பிலிருந்து 4,200 வெள்ளி போனது. காவல்துறையில் புகார் செய்தோம். பணம் திரும்பவில்லை.

அன்று மாலை நான் வீட்டுக்கு ஓடிவந்து கேட்ட முதல் கேள்வி, “எவ்வளவும்மா?” இரண்டாவது, “எப்படிம்மா நம்பினீங்க?” மூன்றாவதாக ஒன்றும் சொன்னேன். “நான் தினமும் ரேடியோவுல கத்துறதை நீங்க கேட்கிறதே இல்லையா?”

அம்மா என் நிகழ்ச்சியை ஒருநாளும் தவறவிட்டதில்லை.

அதன்பிறகு அவர் தொலைபேசியை எடுப்பதே குறைந்தது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குத் தோழிகளோடு போவதை நிறுத்தினார். சித்திக்குக்கூடச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். வானொலியை மட்டும் காலையில் போடுவார். மோசடி பற்றிய பகுதி வரும்போது எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவார் என்று தம்பி சொன்னான். பாரிஸ் பயணம் அவருக்கு ஒரு மாற்றமாக இருக்கட்டும் என்று நான் போட்ட திட்டம்தான்.

நான்காம் நாள் மொன்மார்த் குன்றுக்குப் போனோம். உச்சியில் சாக்ரே கேர் தேவாலயம் வெள்ளை வெளேரென்று நிற்கும். டிசம்பரில் பாரிசில் எட்டரை மணி வாக்கில்தான் சூரியன் உதிக்கிறது. மாலை ஐந்து மணி வாக்கில் இருட்டத் தொடங்கிவிடுகிறது. அதனால் பத்து மணிக்கே கிளம்பிவிட்டோம். மேலே போக இழுவை ரயில் இருக்கிறது. ஆனால் அம்மா பூங்கா வழியாகப் படியேறலாம் என்றார். நாலு டிகிரி குளிர். வாயைத் திறந்தால் புகை.

அந்தப் பூங்காவின் அடியில்தான் கயிறு கட்டுபவர்கள் நிற்பார்கள். அதுவும் எனக்குத் தெரியும். “கையை வெளியே எடுக்காதீங்க, கண்ணைப் பார்க்காதீங்க, நேரா நடங்க,” என்று அம்மாவுக்குப் பாடம் எடுத்துவிட்டுத்தான் வாசலைத் தாண்டினேன்.

ஓர் இளைஞர் சிரித்தபடி அம்மாவை நோக்கி வந்தார். “மாமா! நமஸ்தே! ஹகூனா மதாத்தா!” அம்மாவின் கையைப் பிடிக்கப் போகிறார் என்று நினைத்து நடுவில் என் கையை நீட்டித் தடுத்தேன். அவ்வளவுதான். நீட்டிய கையின் விரலில் வண்ணக் கயிறு மாட்டிவிட்டது.

கயிறு விரலில் இருக்கும்போது நகர முடியாது. அவர் பேசிக்கொண்டே பின்னினார். எந்த ஊர், எத்தனை நாள், அம்மா அழகாக இருக்கிறார், இது நட்புக்கு, காசு வேண்டாம். உதறிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் சிரித்துப் பேசுகிற ஒருவரிடமிருந்து கையைப் பிடுங்குவதற்கு எனக்கு ஏதோ கூச்சமாக இருந்தது. ஒரு நிமிடத்தில் கயிறு மணிக்கட்டுக்கு வந்து, கழற்ற முடியாத முடிச்சாக இறுகியது. சிரிப்பு நின்றது. “இருபது யூரோ.” திரும்பிப் பார்த்தால் இன்னும் இரண்டு பேர் பக்கத்தில் நின்றார்கள். என் நாக்கு ஒட்டிக்கொண்டது. பேசியே சம்பாதிக்கிற எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. பணத்தை எடுத்துக் கொடுத்தேன். ஏறத்தாழ 28 வெள்ளி.

பத்துப் படி ஏறியபின் அம்மா என் கையைப் பிடித்துப் பார்த்தார். இப்போது அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். எவ்வளவு கொடுத்தாய், எப்படி மாட்டினாய், எனக்கு அவ்வளவு சொன்னாயே. கேட்க அவருக்கு முழு உரிமை இருந்தது.

“ரொம்ப இறுக்கிட்டானே. வலிக்குதா?” என்றார்.

அந்தப் படியில் நின்று நான் அழுதேன். குளிரில் கண்ணில் நீர் வருவது சகஜம் என்பதால் கடந்து போனவர்கள் யாரும் பெரிதாகப் பார்க்கவில்லை.

அம்மாவுக்கு அன்று என்ன நடந்திருக்கும் என்பது எனக்கு அந்த ஒரு நிமிடத்தில் விளங்கியது. பேராசை பிடித்தவர்கள்தான் ஏமாறுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா மரியாதையாகப் பேசியவரிடம் முகத்தில் அடித்தாற்போல் வைத்துவிட முடியாமல் மாட்டிக்கொண்டார். நான் சிரித்தவரிடம் கையைப் பிடுங்க முடியாமல் மாட்டிக்கொண்டேன். இருவரையும் ஒரே முடிச்சில்தான் கட்டினார்கள். என்னுடையது 28 வெள்ளியோடு முடிந்தது.

மதியம் சோறு வேண்டும் என்றார் அம்மா. கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் லா சப்பலுக்குப் போனோம். 1980களிலிருந்து போருக்குத் தப்பிப் பிரான்சுக்கு வந்த ஈழத் தமிழர்கள் கடை கடையாக உருவாக்கிய வட்டாரம் அது. கடைப் பலகைகளில் தமிழ், வாசலில் வாழைக்காயும் முருங்கைக்காயும். குளிர்ச்சட்டை போட்ட தேக்கா மாதிரி இருந்தது.

சாப்பாட்டுக் கடையில் சோறு வைத்த அக்கா என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டார். “மொன்மார்த் போனனீங்களோ? எவ்வளவு குடுத்தனீங்கள், பிள்ளை?” நான் தலையைக் குனிந்துகொண்டு, “இருபது,” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்துவந்து கயிற்றை நறுக்கினார். “வெக்கப்படாதேங்கோ. வாற ஆக்களுக்கு எல்லாம் நடக்கிறதுதான்.”

அப்போது அம்மா பேசினார். “இவளாவது பரவாயில்லைம்மா. நான் போன்ல 4,200 வெள்ளி விட்டேன்.”

கரண்டியோடு நின்ற அக்கா உட்கார்ந்துவிட்டார். ஆறு மாதமாகச் சித்திக்குக்கூடத் தெரியாத கதையை அம்மா முன்பின் அறியாத ஒருவரிடம் தொடக்கத்திலிருந்து சொன்னார். அந்த ‘அதிகாரி’ எப்படிப் பேசினார், தனக்கு எப்போது சந்தேகம் வந்தது, சந்தேகம் வந்தபின்னும் ஏன் வைக்க முடியவில்லை. நானும் அன்றுதான் முழுக் கதையைக் கேட்டேன். அதற்குமுன் நான் கேட்டதெல்லாம் கேள்விகள் மட்டுமே.

ஊர் திரும்பியபின் என் நிகழ்ச்சியில் ஒன்றை மாற்றிக்கொண்டேன். எச்சரிக்கைகளை இப்போதும் சொல்கிறேன், சொல்லத்தான் வேண்டும். தெரியாத ஊரில் கையை நீட்டாதீர்கள், யாராவது கயிறோ மோதிரமோ அட்டையோ நீட்டினால் நிற்காமல் நடங்கள், அவமரியாதை என்று தயங்காதீர்கள். ஆனால் கடைசியில் இன்னொன்றும் சேர்க்கிறேன். வீட்டில் யாராவது ஏமாந்துவிட்டால் முதலில் வங்கியை அழையுங்கள், காவல்துறையை அழையுங்கள். எவ்வளவு, எப்படி என்பதை அவர்கள் கேட்பார்கள். நீங்கள் அவரிடம் வலிக்கிறதா என்று கேளுங்கள்.

சென்ற வாரம் அம்மாவிடம், “இதைப் பத்திரிகைக்கு எழுதட்டுமா?” என்று கேட்டேன். கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், வாசலில் செருப்பை மாட்டியபடியே சொன்னார்:

“எழுது. ஆனா நீ ஏமாந்ததை முதல்ல எழுது.”