பதினாலு வண்டி, சுருள் குழாய்

கோட்டைவாசல் தாண்டி புளியரைக்கு இறங்கும் எஸ் வளைவில் சரக்கு லாரிக்குப் பின்னால் மாட்டியவர்களுக்கு அந்த வாடை தெரியும். பிரேக் காந்துகிற வாடை. கொல்லத்திலிருந்து திருமங்கலம் வரும் 744ஆம் நெடுஞ்சாலை தமிழ்நாட்டுக்குள் நுழைகிற இடம் அது. ஜூனில் சாரல் தொடங்கினால் குற்றாலத்துக்கு வேன் கூட்டம். கார்த்திகை பிறந்தால் சபரிமலை வண்டிகள். நடுவில் கிடைக்கிற கொஞ்ச நாளில்தான் இந்தப் பக்கத்து ஓட்டுநர்கள் தங்கள் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கிறார்கள்.

தென்காசியில் டூரிஸ்ட் வேன் ஓட்டும் நண்பர், “பதினாலு பேரு சேந்து பிரேக் ஓஸும் பைப்பும் மொத்தமா எடுக்கப் போறோம், வாங்களேன்” என்றார். இலஞ்சிப் பக்கம் ஒரு தகரக் கொட்டகைக்குக் கூட்டிப் போனார். பொறுப்பு முழுக்க அங்கிருந்த மெக்கானிக் அண்ணாச்சியிடம் இருந்தது. அறுபதை நெருங்குகிறவர். மடியில் மொய் நோட்டு மாதிரி ஒரு நீள நோட்டு. வண்டிக்கு ஒரு பக்கம்.

பணம் வசூலிப்பதற்கு முன்னால் அளவு எடுத்தார். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தொங்கவிட்டு ஒரு அளவு. ஸ்டியரிங்கை இடது கடைசி வரை ஒடித்து ஒன்று, வலது கடைசி வரை ஒடித்து ஒன்று. அதில் எது நீளமோ அதுதான் கணக்கு. பிறகு நட்டைக் கழற்றி மரை பார்த்தார். பழைய வண்டிகளில் எட்டில் மூன்று இஞ்ச் மரை வரும். பிந்தைய வண்டிகளில் பத்து மில்லி. இரண்டுக்கும் வித்தியாசம் அரை மில்லிக்கும் குறைவு. சின்ன நட்டு பெரிய துளையில் ஏறியது போலவே இருக்கும். ஓங்கி மிதிக்கும்போது உருவிக்கொள்ளும்.

“ஒரே மாடல்தானேன்னு பதினாலு செட்டு சொல்லிட்டோம்னு வைங்க, நாலஞ்சு வண்டிக்குச் சேராது. கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டான். எல்லாரும் என் சட்டையப் புடிப்பாவ.”

இளவட்ட ஓட்டுநர்கள் இரண்டு மூன்று பேருக்கு எவர்சில்வர் வலை பின்னிய ஓஸ்மேல்தான் கண். பந்தய வண்டிகளில் வருவது. உள்ளே டெஃப்லான் குழாய், மேலே கம்பிப் பின்னல். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. டயரில் முப்பது, முப்பத்தைந்து பவுண்டு காற்று பிடிக்கிறோம். பெடலை ஓங்கி மிதித்தால் பிரேக் குழாய்க்குள் ஆயிரம் பவுண்டைத் தாண்டும். அந்த அழுத்தத்தில் ரப்பர் ஓஸ் லேசாக உப்பும். மிதித்ததில் கொஞ்சம் அந்த உப்பலுக்கே போய்விடும். வலை பின்னியது உப்பாது. ஆனால் அண்ணாச்சி தலையாட்டவில்லை. மேலுறை இல்லாத பின்னலுக்குள் மணல் புகுந்தால் கம்பியே உள் குழாயை அராவும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. போதாக்குறைக்கு, எஃப்.சி.க்குப் போகும்போது கம்பெனி கொடுத்தது எங்கே என்று கேள்வி வரும். “இறக்கத்துல வண்டிய நிறுத்துறது ஓஸ் இல்ல தம்பி. ரெண்டாங் கியரு” என்றார். கடைசியில் ரப்பர் ஓஸ்தான் முடிவானது. ஒரு நிபந்தனையோடு: ஓஸில் அச்சிட்ட தயாரிப்புத் தேதி பழசாக இருக்கக் கூடாது. வயதான ரப்பர் உட்பக்கம் தடித்து வழியை அடைத்துக்கொள்ளும். மிதிக்கும்போது ஆயில் போய்விடும், காலை எடுத்தால் திரும்பி வராது. சக்கரம் பிடித்தபடியே ஓடிக் காய்ந்துபோகும்.

ஆனால் என்னை அங்கே உட்காரவைத்தது ஓஸ் இல்லை, குழாய். அண்ணாச்சி சொன்னது தாமிர நிக்கல் குழாய். பதினாறில் மூன்று இஞ்ச் விட்டம், இருபத்தைந்து அடி ஒரு சுருள். வால்வோ 1970களிலேயே தன் கார்களுக்கு இந்தக் கலவைக் குழாய்க்கு மாறிவிட்டது. துரு ஏறாது என்பதுதான் காரணம். சாரலிலேயே நிற்கிற வண்டிகளில் இரும்புக் குழாய் கிளிப்புக்கு அடியில்தான் முதலில் அரிக்கும். ஒரு வண்டிக்கு நாலடி, ஐந்தடி போதும். அதற்காக யாரும் சுருள் வாங்க மாட்டார்கள். வாங்காதவர்கள் என்ன செய்கிறார்கள்? ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கிடம் வெறும் செம்புக் குழாய் வாங்கிப் போடுகிறார்கள். கையாலேயே வளையும், பளபளக்கும். அதிர்வில் நாள்போக்கில் விறைத்து, கழுத்தில் கீறல் விடும்.

குழாய் முனையை விரிக்கிற ஃப்ளேரிங் கருவியை அண்ணாச்சி வேட்டித் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். இரண்டு இரும்புப் பட்டை, வரிசையாகத் துளைகள், மேலே ஒரு நுகம், நுகத்தில் கூம்புத் திருகு. புனலூரில் தொழில் கற்றுக்கொடுத்தவர் கொடுத்ததாம். குழாயை நேராக அறுத்து, பிசிறு எடுத்து, முதலில் நட்டை மாட்டிவிட வேண்டும். விரித்த பிறகு நட்டு ஏறாது. பட்டைக்கு மேல் முனை எவ்வளவு நீட்டி நிற்க வேண்டும் என்பதை ஒரு சின்னப் பொத்தானின் தடிமனை வைத்துப் பார்க்கிறார். அந்தப் பொத்தானை வைத்து அழுத்தினால் முனை குடமாக உப்பும். பொத்தானை எடுத்துக் கூம்பை இறக்கினால், உப்பிய விளிம்பு உள்ளே மடிந்து இரட்டை உதடாகும். ஒற்றை மடிப்பு பிரேக்குக்கு ஆகாது, பிளக்கும். அவர் மடித்ததை ஆள்காட்டி விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றைச் சத்தமில்லாமல் வெட்டிக் குப்பையில் போட்டார். வண்டிக்காரர் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் புரிந்திருக்காது.

2010இல் செங்கோட்டை–புனலூர் மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தி, 2018இல்தான் அகலப்பாதையாகத் திரும்ப விட்டார்கள். அந்த வருஷங்களில் மலையைத் தாண்டப் பஸ்ஸும் வேனும்தான். “அப்ப ராத்திரி பகலா பைப் போட்டேன்” என்றார். வீடு கட்டியது அந்தக் காசில்.

சாமான் சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டிலிருந்து பார்சலில் வந்தது, பில்லோடு. மாட்டி, காற்று எடுத்த கதையைத் தாண்டிவிடுகிறேன்; அமுக்கு, பிடி, விடு என்பதைத் தவிர அதில் எழுத ஒன்றுமில்லை.

எழுத வேண்டியது காசு. மெக்கானிக் சீட்டு எழுதிக் கொடுத்து, வண்டிக்காரர் கடையில் வாங்கினால், மெக்கானிக்குக் கமிஷன் உண்டு. அது வண்டிக்காரரின் பில்லிலேயே ஏறி உட்கார்ந்திருக்கும். எந்தச் சாமான் நல்லது என்று சொல்ல வேண்டியவருக்கு எது விற்றால் லாபம் என்று பழக்கிவிட்ட ஏற்பாடு இது. டாக்டருக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே இது நடந்தால் ஊரே பேசுகிறது. பிரேக்கில் நடந்தால் வழக்கம் என்கிறோம். கடைக்காரர்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. வேலைக்கு நியாயமான கூலி கேட்டால் முகம் சுளித்துவிட்டு, அதே காசை சாமான் விலையில் மறைத்துக் கொடுத்தால் சம்மதிக்கிற நாமும் அதில் பங்காளிகள். மொத்தமாக வாங்கியபோது அண்ணாச்சியின் கமிஷன் போயிற்று. பதினாலு பேரும் உட்கார்ந்து பேசி, அளவு எடுக்க வண்டிக்கு இவ்வளவு, மடிப்புக்கு இவ்வளவு என்று வெளிப்படையாகக் கொடுத்தார்கள். அதைக் கூட்டியும் கடை விலையை விடக் குறைவாகவே வந்தது. இரண்டு பேர் மட்டும் அளவெடுக்க என்ன கூலி என்று முனகினார்கள். கொடுத்துவிட்டுத்தான் முனகினார்கள்.

அந்தச் சூட்டில், பிரேக் ஆயிலையும் பெரிய டின்னாக வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம் என்றார் நண்பர். அண்ணாச்சி ஒப்பவில்லை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். டாட் 3 ஆயில் புதிதில் 205 டிகிரி வரை கொதிக்காது. நாலு சதவீதம்கூட வேண்டாம், அதற்குள்ளான தண்ணீர் சேர்ந்தாலே 140இல் கொதித்துவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. பெடல் தரைக்குப் போகும். குற்றாலச் சாரலில் திறந்த டின்னைப் பதினாலு பேர் மாற்றி மாற்றித் தூக்கிப் போனால் என்ன ஆகும்?

“சீல் உடைக்காத சின்ன டப்பாதான். ஆளுக்கு ஒண்ணு. அதையும் நான் பாத்து ஊத்துதேன்” என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.