கழுத்து வலிக்காமல் கூரை ஓவியம் பார்ப்பது எப்படி? (சின்ன இழை)

சிதம்பரம் நடராஜர் கோயிலுக்குப் பல தடவை போயிருப்பீங்க. சிவகாமி அம்மன் சந்நிதி மண்டபத்துல நின்னு அண்ணாந்து பார்த்திருக்கீங்களா?

நானும் பார்த்ததில்லை. கடலூருக்கு வேலைக்கு வந்து ரெண்டு வருஷம் கழிச்சு, நைட் டூட்டி முடிஞ்ச ஒருநாள் அம்மாவைக் கூட்டிட்டுப் போனப்போதான் பார்த்தேன்.

கூரையில நாயக்கர் கால ஓவியங்கள், 17-ஆம் நூற்றாண்டு. பட்டை பட்டையா ஓடுது. உயரம் கொஞ்சம், நீளம் ரொம்ப. தாருகாவனத்துக்குப் பிச்சாடனரா வந்த சிவன் கதை ஒரு பக்கம், மாணிக்கவாசகர் கதை ஒரு பக்கம். கூடவே தமிழ்ல சின்னச் சின்னக் குறிப்புகள்.

"ஏண்டி, இப்பதான் இங்க நின்னாரு, அதுக்குள்ள அங்கயும் நிக்கிறாரே?"ன்னு அம்மா கேட்டாங்க.

சரியான கேள்வி. நம்ம போன்ல எடுக்கிற பனோரமா ஒரே நேரத்துல தெரியுற இடத்தை அகலமா காட்டும். அந்தப் பேருக்குக் காரணமான ராபர்ட் பார்க்கர், 1787-ல காப்புரிமை வாங்கினதும் அதுக்குத்தான்: நடுவுல நீங்க, சுத்தி வட்டமா ஒரே காட்சி. இங்க நீளம் இடத்துக்காக இல்லை, காலத்துக்காக. ஆள் ஒருத்தர்தான், நாள் வேற வேற. நீங்க நடந்தாதான் கதை நகரும். நின்ன இடத்துல நின்னா ஒரு துண்டுதான் கிடைக்கும்.

நாலு எட்டு வெச்சிருப்போம், அம்மா தூணைப் பிடிச்சுட்டாங்க. தலைசுத்தல். உட்கார வெச்சு நாடி பார்த்துட்டு, "எத்தனை நாளாம்மா இப்படி?"ன்னேன்.

"ஆறு மாசமா. மேல பரண்ல ஏதாவது எடுத்தா வரும்."

ஓ.பி.யில ஒரு நாளைக்கு நூறு பேர்கிட்ட கேட்கிற கேள்வி அது. வீட்டுல ஒருநாளும் கேட்டதில்லை. சாப்பிட்டியான்னு கேட்டுட்டுத் தூங்கப் போயிடுவேன். (அப்புறம் பரிசோதனை பண்ணியாச்சு. கழுத்தெலும்புத் தேய்மானம், பிசியோதெரபி போகுது. உங்க வீட்டுல யாருக்காவது இப்படி இருந்தா தள்ளிப்போடாதீங்க. கூடவே கை கால் மரத்துப்போறது, பேச்சு குழறுறது, ரெட்டையா தெரியுறது இருந்தா உடனே ஆஸ்பத்திரி.)

திரும்பிடலாம்னேன். அம்மா கேட்கலை. கைப்பையிலிருந்து முகம் பார்க்கிற கண்ணாடியை எடுத்து மடியில வெச்சுக்கிட்டாங்க. குனிஞ்சபடியே கூரை தெரிஞ்சுது! எழுத்து மட்டும் தலைகீழா, இடம் வலமா. அதனால நான் அண்ணாந்து வாசிக்க, அவங்க கண்ணாடியை நகர்த்த, தூண் தூணா இடம் மாறி உட்கார்ந்து பார்த்தோம்.

சில இடத்துல நிறம் மங்கி உருவமே தெரியலை. விளக்குப் புகை, மழைநீர்க் கசிவு, சுவர்ல பூக்கிற உப்பு, மேலே பூசுற சுண்ணாம்புன்னு பழைய கோயில் ஓவியங்களுக்கு எதிரி நிறைய. அப்படி ஒரு இடத்துல அம்மா கண்ணாடியை நிறுத்தி, "அப்புறம் என்னடி ஆச்சு?"ன்னாங்க.

தெரியலைம்மான்னேன். அடுத்த தூணுக்கு நகர்ந்தோம்.

போறவங்க காலையில போங்க, வெளிச்சம் நல்லா இருக்கும். பெரியவங்களைக் கூட்டிட்டுப் போனா ஒரு கண்ணாடி எடுத்துக்கோங்க.