ஆங்கிலம் பேசும் அயர்லாந்து

ஆங்கிலம் தெரிந்தவனுக்கு அயர்லாந்தில் மொழிக் கவலை இல்லை என்று எனக்குச் சொல்லி அனுப்பியவர்கள் பலர். அவர்களில் ஒருவராவது அந்த நாட்டைக் கண்டவரா என்பது ஐயமே. படிப்பின் பொருட்டு நான் ஓராண்டு தங்கியது தெற்கே கார்க் நகரில். முதல் வாரமே வீட்டுக்கார அம்மாள், தட்டுகள் 'பிரெஸ்'ஸில் இருக்கின்றன என்றார். அலமாரிக்கு அங்கே அதுதான் பெயர். பிறகு, 'யுவர் மேன்' நேற்றிரவெல்லாம் 'கிவிங் அவுட்' என்றார். கேட்பவனுக்கு யாரோ வள்ளல் ஒருவர் வாரி வழங்கினார் என்றுதானே தோன்றும்? பக்கத்து வீட்டு ஆசாமி இரவெல்லாம் ஏசித் தீர்த்தார் என்பதே செய்தி!

அந்த வீட்டில் என்னோடு மூன்று மாணவர்கள் இருந்தனர். ஒருவன் டப்ளின்காரன், ஒருவன் லிமெரிக், மூன்றாமவன் வடமேற்குக் கோடியிலுள்ள டானகால். ஒருநாள் வாசலில் கிடந்த கான்வாஸ் ஷூவைப் பற்றிப் பேச்சு வந்தது. டப்ளின்காரன் அதை 'ரன்னர்ஸ்' என்றான். லிமெரிக்காரன் 'டாக்கீஸ்' என்றான். டானகால்காரனுக்கோ அது 'கட்டீஸ்'. 'கட்டா பெர்ச்சா' என்னும் மலாய் நாட்டு மரப்பாலின் பெயரிலிருந்து வந்த சொல் அது. எங்கோ மலாய்க் காட்டில் நிற்கும் மரம், அயர்லாந்தின் வடகோடியில் ஒரு பையனின் காலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அரைமணி நேரம் வாதம் நடந்தது. ஷூ யாருடையது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

அந்தத் தீவு முழுவதும் சேர்ந்தாலும் நம் தமிழ்நாட்டில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆயினும் ஊருக்கு ஒரு பேச்சு. டானகாலில் குழந்தை 'வெய்ன்'. கார்க்கில் முட்டாள் 'லாங்கர்', பையன் 'ஃபீன்'. பின்னது 'டிராவலர்' எனப்படும் நாடோடி மக்களின் தனிமொழியிலிருந்து நகரத்துக்குள் நுழைந்த சொல். டப்ளின்காரன் ஒன்றை மெச்ச வேண்டுமானால் 'டெட்லி' என்பான். தன் நகரத்துக்கு வெளியே பிறந்தவரையெல்லாம் அவன் 'கல்ச்சி' என்பான், அதாவது பட்டிக்காட்டான். அவர்களும் சும்மா விடுவதில்லை; அவனுக்கு 'ஜாக்கீன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

என்னை மிகவும் கவர்ந்தது 'யூ' என்ற சொல்லின் கதை. ஆங்கிலத்தில் நீயும் 'யூ', நீங்களும் 'யூ'. ஐரிஷ் மொழியிலோ, நம் மொழியைப் போலவே, ஒருமைக்கு ஒரு சொல், பன்மைக்கு ஒரு சொல். ஆங்கிலத்துக்கு மாறிய மக்களால் அந்த வேற்றுமையை விட முடியவில்லை. ஆகவே பன்மைக்குத் தனிச் சொல் வைத்துக்கொண்டார்கள். கார்க்கிலும் மேற்கிலும் 'யீ' என்பார்கள். டப்ளினில் 'யூஸ்', 'யிஸ்'. இலக்கண ஆசிரியர் இதைத் தவறு என்பார். இலக்கணத்தில் இருந்த ஓட்டையை அடைத்தவர்கள் அவர்கள் என்பேன் நான்.

இப்படியே 'ஐ ஆம் ஆஃப்டர் ஈட்டிங்' என்பதும். சாப்பாட்டைத் துரத்திக்கொண்டு போகிறான் என்பதல்ல பொருள். இப்போதுதான் சாப்பிட்டு முடித்தான். ஐரிஷ் வாக்கியத்தின் எலும்புக்கூட்டுக்கு ஆங்கிலச் சதை வைத்தது போன்றது அது. ஐரிஷில் 'ஆம்', 'இல்லை' என்பவற்றுக்குத் தனிச் சொற்களும் கிடையா. 'வந்தாயா?' என்றால் 'வந்தேன்' என்றே விடை. ஆங்கிலம் பேசும்போதும் அந்த வழக்கம் பலரை விடவில்லை. ஆனால் எல்லாவற்றையும் ஐரிஷின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. கேளிக்கைக்கும் அரட்டைக்கும் பெயரான 'கிராக்' என்ற சொல்லை அந்நாட்டின் ஆதிச்சொத்து என்று விளம்பரப் பலகைகள் பறைசாற்றுகின்றன. அது ஸ்காட்லாந்து, வட இங்கிலாந்துப் பக்கத்திலிருந்து வந்து, பிற்பாடு ஐரிஷ் எழுத்துச் சட்டையை மாட்டிக்கொண்ட சொல்!

சிரித்துக்கொண்டே கேட்கும் இந்தப் பேச்சுக்குப் பின்னே பெருந்துயர் ஒன்று இருக்கிறது. 1831-இல் தொடங்கிய தேசியப் பள்ளிகள் ஆங்கிலத்திலேயே கற்பித்தன. சில ஊர்களில் பிள்ளையின் கழுத்தில் குச்சியைக் கட்டி, ஐரிஷில் பேசிய ஒவ்வொரு தடவைக்கும் அதில் ஒரு வெட்டு வெட்டினார்கள்; மாலையில் வெட்டை எண்ணி அடி. 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் மாண்டனர். மேலும் பத்து லட்சம் பேர் கப்பலேறினர். ஐரிஷ் பேசிய ஏழைகளே அதில் மிகுதி. 1937 அரசியல் சட்டம் ஐரிஷை முதல் ஆட்சிமொழி என்கிறது. ஆனால் 2022 குடிக்கணக்கின்படி, பள்ளிக்கு வெளியே அதை நாள்தோறும் பேசுவோர் 71,968 பேரே.

டானகால் நண்பன் டப்ளினில் ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வு சென்றான். அதற்கு முன் ஒரு வாரம், தன் வாயில் இயல்பாக வரும் 'ஐ' என்பதை 'யெஸ்' ஆக்கக் கண்ணாடி முன் நின்று பழகினான். இரவில் தாயோடு தொலைபேசியில் பேசும்போது மட்டும் பழைய ஆளாகிவிடுவான். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் நம் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் நாலு ஊர்க்காரர் கூடியதும் நாகர்கோவில் நண்பரின் 'மக்கா' எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்பதை நினைத்து, வாயை மூடிக்கொண்டேன்.

நான் கிளம்புவதற்குச் சில நாட்கள் முன்பு வீட்டுக்கார அம்மாளோடு பேசிக்கொண்டிருந்தேன். "பள்ளியில் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஐரிஷ் படித்தேன். ஒரு வாக்கியம் வராது. வெட்கம்தான்" என்றார். உடனே, தேநீர் இப்போதுதான் போட்டேன் என்பதை, "ஐ ஆம் ஆஃப்டர் வெட்டிங் த டீ" என்றார்.

"நீங்கள் இப்போது பேசியதே ஐரிஷ்தான் அம்மா, சொற்கள் மட்டுமே ஆங்கிலம்" என்று சொல்லி, எனக்குத் தெரிந்த அளவில் விளக்கினேன். கெண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

"உங்கள் பாட்டி ஐரிஷ் பேசினாரா?" என்று கேட்டேன்.

"பேசினாள்" என்றார். கோப்பையில் தேநீரை ஊற்றிக்கொண்டே மறுபடியும், "பேசினாள், பேசினாள்" என்றார்.