சூரியநெல்லியில் ஓரிரவு: கேரவன் வண்டிக்கு இரண்டாம் மின் இணைப்பு

மலைநாட்டுப் பிரயாணம் என்றதும் நம்மவர் பலருக்கு மூணாறு நினைவில் எழும். மூணாற்றுக்குக் கிழக்கே, தமிழக எல்லையை ஒட்டி, இடுக்கி மாவட்டத்தில் உள்ள சூரியநெல்லியைக் கண்டவர் அவ்வளவு பேர் இரார். ஆயினும் வெளியூர்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுள் சிலவற்றுக்கு அது வெறும் சுற்றுலாத் தலம் அன்று. பாட்டனும் பாட்டியும் கொழுந்து கிள்ளிய மண். அத்தகையோர் அங்கே சென்று ஓரிரவு தங்குதற்குரிய ஒரு புது வழியையும், அவ்வழியில் மின்சாரம் பற்றி அறிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தியையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பாதையைச் சொல்லிவிடுகிறேன். மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 1928-ஆம் ஆண்டு வந்த ரயில் பாதை, அகலப் பாதையாக்கும் பொருட்டு 2010-ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் போடி மக்கள் ரயிலின்றி இருந்தனர். 2023 ஜூன் 15 அன்று ரயில் மீண்டும் போடிக்கு வந்தது; சென்னையிலிருந்தே நேராக வருவதற்கும் வழி பிறந்தது. போடியிலிருந்து முந்தலைக் கடந்து 17 கொண்டையூசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதற்கப்பால் பூப்பாறையின் ஏலத் தோட்டங்கள், பின்னர் ஆனையிறங்கல் நீர்த்தேக்கம், அதன்பின் பெரியகானல். அங்கிருந்து பிரியும் சாலை சின்னக்கானல் வழியாகச் சூரியநெல்லியை அடைகிறது.

சூரியநெல்லிக்கு வருவோரிற் பெரும்பாலோர் கொழுக்குமலையில் சூரியோதயம் காண வருபவர்கள். கொழுக்குமலை ஏழாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ள தேயிலைத் தோட்டம். நிலம் தமிழகத்தின் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஜீப்பு செல்லும் வழியோ கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான். கல்லும் குழியுமான அவ்வழியில் உள்ளூர் ஜீப்புகளே ஏற வல்லவை. உதயத்திற்கு முன்பே உச்சியை அடைய வேண்டுமாதலால் விடியற்காலை நான்கு மணியளவில் புறப்பட்டாக வேண்டும். எனவே முந்திய இரவைச் சூரியநெல்லியில் கழிப்பதே உசிதம்.

எங்கே தங்குவது என்ற கேள்வி தோட்டத் தொழிலாளர் வழிவந்தோருக்கு வேறு பொருள் உடையது. தொழிலாளர் வாழும் லயத்து வீடுகள் தோட்டத்திற்குச் சொந்தமானவை. குடும்பத்தில் ஒருவரேனும் வேலையில் இருக்கும் வரையில்தான் அங்கே குடியிருக்கலாம். ஓய்வு பெற்றதும் வீட்டை ஒப்படைத்துவிட்டு இறங்க வேண்டியதுதான். முப்பது நாற்பது ஆண்டுகள் உழைத்த ஊரில், திரும்பி வந்து தலை சாய்க்க ஓர் அறையும் இல்லாதவர் பலர்.

என் நண்பர் ஒருவரின் தாயார் அவ்வாறு இறங்கியவர். எழுபதைக் கடந்த அம்மூதாட்டிக்கு, தாம் வாழ்ந்த லயத்தை மீண்டும் ஒருமுறை கண்டு, அவ்வூர்க் குளிரில் ஓரிரவு உறங்கி எழ வேண்டும் என்று ஆசை. மூச்சுத் தொல்லை உடையவராதலால் மருந்தை ஆவியாக்கித் தரும் சிறு இயந்திரம் எப்போதும் உடன் இருக்க வேண்டும். ஆகவே நண்பர், ஜீப்பின் பின்னே இழுத்துச் செல்லும் கேரவன் வண்டி ஒன்றை வாங்கினார். படுக்கையும் சமையல் மேடையும் குளியலறையும் கொண்ட சிறு வீடு அது. ஓடும்போது அதனுள் எவரும் அமரலாகாது, நின்றபின் வீடாகும்.

கேரள அரசு 2021-ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாவுக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. மறு ஆண்டில் இதே இடுக்கி மாவட்டத்து வாகமண்ணில் கேரவன் நிறுத்துமிடம் திறக்கப்பட்டது. நாங்கள் சூரியநெல்லியில் தங்கியது ஒரு விடுதியின் முற்றத்தில். விடுதிக்காரர் 16 ஆம்பியர் சாக்கெட் ஒன்றைக் காட்டினார். துறைமுகத்தில் நிற்கும் கப்பல் கரையிலிருந்து மின்சாரம் பெறுவதுபோல, நிற்கும் கேரவனும் நிலத்திலிருந்து கம்பி வழியே மின்சாரம் பெறுகிறது. ஆங்கிலத்தில் இதற்குக் ‘கரை மின்சாரம்’ என்ற பொருளிலேயே பெயர் வழங்குகிறது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் என்றால் 3680 வாட். அறையைச் சூடாக்கும் ஹீட்டருக்கு 2000 வாட், கீசருக்கு 2000, தேநீர்க் கெட்டிலுக்கு 1500. மூன்றும் சேர்ந்தால் 5500 வாட், அதாவது ஏறக்குறைய 24 ஆம்பியர். பகலில் இவை ஒருங்கே ஓடுவதில்லை. கொழுக்குமலைக்குப் புறப்படும் விடியலிலோ மூன்றும் ஒரே சமயத்தில் தேவைப்படும். அன்று மூன்றரை மணிக்குச் சில நிமிடங்களில் காப்புச் சுவிட்ச் விழுந்து வண்டி முழுவதும் இருண்டது. ஹீட்டரோடு அம்மையாரின் மருந்து இயந்திரமும் நின்றது. விடுதியின் சுவிட்ச் பலகை பூட்டிய அறைக்குள் இருந்தது. சாவி வரும் வரையில் அவர் மூச்சுக்குத் தவித்ததை நாங்கள் பார்த்திருந்தோம். அன்று மலைக்கு எவரும் செல்லவில்லை.

உள்ளூர்த் தமிழரான எலக்ட்ரீஷியன் ஒருவரிடம், இன்னொரு சாக்கெட்டிலிருந்து இரண்டாவது கம்பி இழுத்தால் போதாதா என்று நண்பர் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே, “அண்ணே, கயிறு ரெண்டு போட்டாலும் கிணறு ஒண்ணுதானே?” என்றார். இரண்டு சாக்கெட்டுகளும் ஒரே காப்புச் சுவிட்சின் கீழ் இருந்தால் இரண்டாம் கம்பியால் ஒரு வாட்டும் கூடாது. தனித்தனிச் சுவிட்ச் உடைய இரு வழிகளா என்பதையே முதலில் கேட்டறிய வேண்டும்.

ரயில்வேயில் எழுத்தராய் இருப்பவன் ஆதலின் எனக்கு எங்கள் வண்டிகளின் ஏற்பாடு நினைவுக்கு வந்தது. மின்னாக்கிப் பெட்டிகள் இணைத்த எல்.எச்.பி. ரயில்களில், ரயிலின் நீளம் முழுவதும் 750 வோல்ட் மின்தடங்கள் இரண்டு செல்கின்றன. ஒரு பெட்டி ஒரு சமயத்தில் அவற்றுள் ஒன்றிலிருந்து மட்டுமே மின்சாரம் பெறும். அது தவறினால் மற்றதற்கு மாற்றப்படும். இரண்டும் பெட்டிக்குள் ஒன்றோடொன்று கலப்பதே இல்லை. கேரவனுக்கும் இதுவே நெறி.

ஊர் திரும்பியபின் நண்பர் தகுதிபெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு இரண்டாம் இணைப்பை அமைத்தார். வண்டியின் வெளிச்சுவரில் மூடியுள்ள இரண்டாவது செருகுவாய், அதற்குத் தனிக் கம்பி, தனி எம்.சி.பி.; மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று. முதல் வழியில் விளக்கு, மருந்து இயந்திரம், கெட்டில், கீசர் ஆகியவை. இரண்டாம் வழியில் ஹீட்டர் மட்டும். இப்போது முதல் வழியின் சுமை 3500 வாட்டுக்குச் சற்று மேற்படும். ஓரளவு நெருக்கமே ஆகையால் மருந்து இயந்திரம் ஓடும்போது கீசரை அணைத்து வைப்பது வீட்டு விதியாயிற்று.

இரு வழிகளையும் வண்டிக்குள் ஒன்றாக இணைத்தல் ஒருபோதும் கூடாது. ஏன் என்பதை இல்லத்தில் அனைவரும் அறிந்திருத்தல் நலம். இணைத்துவிட்டு ஒரு கம்பியை மட்டும் செருகினால், செருகாத மற்றச் செருகுவாயின் உலோக முனைகளிலும் மின்சாரம் பாயும். தொட்ட குழந்தை உயிர் பிழைப்பது அரிது. இரு சாக்கெட்டுகளும் வெவ்வேறு பேஸைச் சேர்ந்தவையாயின் இடையே 400 வோல்ட் நின்று, இணைத்த கணமே தீப்பொறி எழும். நியூட்ரல் கம்பிகளைக் கலந்தாலோ ஆர்.சி.சி.பி. ஓயாமல் விழும். எர்த் கம்பிகள் மட்டும் இரண்டும் வண்டியின் இரும்புச் சட்டத்தோடு இணைய வேண்டும். வெளியூர்ச் சாக்கெட்டில் எர்த் உண்மையில் உண்டா என்று சோதித்த பின்னரே செருக வேண்டும்.

கம்பி 16 ஆம்பியருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர்ச் செம்பினும் மெலிதாய் இருத்தலாகாது. அதுவும் 30 மீட்டர் நீண்டால், முழுச் சுமையில் ஏழெட்டு வோல்ட் வழியிலேயே குறையும். சுருளைப் பிரித்து முழுதும் விரித்திடுக. சுற்றியபடி விட்டால் சூடேறி உருகும். செருகும்போது முதலில் வண்டியில், பிறகு சுவரில். கழற்றும்போது முதலில் சுவரில்.

காட்டோரத்தில் தனியே வண்டியை நிறுத்தாதீர்கள். ஆனையிறங்கல் என்னும் பெயரே அவ்விடத்தின் வரலாற்றைச் சொல்லும். அரிசிக்காக ரேஷன் கடையையும் வீடுகளையும் உடைத்த ‘அரிக்கொம்பன்’ என்னும் யானையை 2023 ஏப்ரல் 29 அன்று சின்னக்கானலில் பிடித்து அகற்றினர். மற்ற யானைகள் அங்கேதான் உள்ளன. சமைத்த உணவின் மணம் உள்ள வண்டிக்கு வேலியுள்ள முற்றமே தக்க இடம்.

அடுத்த முறை, தனித்தனிச் சுவிட்ச் உள்ள இரு சாக்கெட்டுகளை முன்னரே பேசி வைத்துக்கொண்டு சென்றோம். விடியலில் நாங்கள் ஜீப்பில் மலையேறினோம், அம்மையார் வரவில்லை. நாங்கள் திரும்பிய பிறகு மகன் கையைப் பற்றிக்கொண்டு தம் பழைய லயத்து வாசல் வரை சென்றார். அங்கே இப்போது குடியிருக்கும் பெண் அவரை ‘பாட்டி’ என்று அழைத்து, உள்ளே அமர்த்தித் தேநீர் கொடுத்தாள்.

1940-இல் தொடங்கிய பள்ளிவாசல் நீர்மின் நிலையமும், ஆனையிறங்கல் நீரைக் கொள்ளும் பன்னியாற்று நிலையமும் இம்மலைத் தண்ணீரால் நாட்டுக்கு ஒளி தருகின்றன. அம்மலைகளிலேயே உழைத்து முதிர்ந்தவர்க்கு ஓரிரவு வெம்மையும் மூச்சும் குறையாதிருக்கச் செய்வது பிள்ளைகளாகிய நம் கடமை. முதியோரை அழைத்துச் செல்லும் அன்பர்கள் பெட்டி கட்டும் முன்னர் மின்கணக்கையும் போட்டுப் பார்ப்பார்களாக.