குண்டு விழாத கண்ணாடி மாளிகை

ஆரணி என்றதும் பட்டுப்புடவைதான் ஞாபகம் வரும். ஆனால், பீரங்கிச் சத்தத்தையும் கேட்ட ஊர் இது. 1751 டிசம்பரில் சந்தா சாகிப் மகனின் படையை ராபர்ட் கிளைவ் தோற்கடித்தது இங்கேதான். 1782-ல் ஹைதர் அலி தன் படைக்கான தளவாடங்களை ஆரணிக் கோட்டையில் சேர்த்து வைத்திருந்தார். அதைப் பிடிக்க வந்த ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், கோட்டையைப் பிடிக்க முடியாமலே திரும்பினார்.

அந்தக் கதைகளோடு ஆட்டோ ஏறி, பக்கத்திலுள்ள பூசிமலைக்குப்பம் போனேன். ஆரணி ஜாகீர்தார் குடும்பம் ஐரோப்பிய பாணியில் கட்டிய மாளிகை. ஜன்னல்களில் வண்ணக் கண்ணாடி பதித்ததால், ஊர்மக்கள் வைத்த பெயர் 'கண்ணாடி மாளிகை'. இப்போது அந்தக் கண்ணாடியைத்தான் தேட வேண்டியிருக்கிறது! காரை உதிர்ந்த சுவர், விரிசலில் வேர்விட்ட செடி... யுத்தப் படத்தில் பார்த்த வீடு மாதிரியே இருந்தது.

"இங்கேயும் குண்டு போட்டாங்களாண்ணே?" என்றேன் ஆட்டோக்காரரிடம்.

"அட, நீங்க வேற தம்பி! சண்டையெல்லாம் முடிஞ்சு ரொம்ப காலம் கழிச்சுக் கட்டினது. ஆளுங்க போனாங்க... கதவு, ஜன்னல்னு ஒவ்வொண்ணா போயிடுச்சு."

1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபிறகு, இப்படி ஆளில்லாமல் போன மாளிகைகள் தமிழ்நாட்டில் நிறைய.

உள்சுவரில் கரியால் எழுதிய காதல் ஜோடிகளின் பெயர்கள். போட்டோ எடுக்கப் படியேறினேன்.

"மாடிக்கு மட்டும் போகாதீங்க தம்பி" என்று கீழிருந்து குரல் வந்தது.