ஸ்டைலா? ஸ்பீடா? – எங்கள் மாமாவின் புல்லட்

நம் பள்ளி சைக்கிள் ஸ்டாண்டில் தினமும் ஒரு பட்டிமன்றம் நடப்பது ஆசிரியர்கள் பலருக்குத் தெரியாது. (தெரிந்தவர்கள் மன்னிக்கவும்.) தலைப்பு எப்போதும் ஒன்றுதான். பைக்குக்கு அழகு ஸ்டைலா, ஸ்பீடா? ஸ்பீடு அணிக்குத் தலைவன் என் வகுப்பு நண்பன். அவன் அண்ணன் யமஹா ஆர்.எக்ஸ்.100 வைத்திருக்கிறார். ஸ்டைல் அணிக்குத் தலைவன் அடியேன். காரணம், எங்கள் மாமாவின் புல்லட். நாங்கள் இரண்டு தலைவர்களும் ஓட்டுவது சைக்கிள்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கியர் வண்டி லைசென்ஸுக்கு 18 வயது ஆக வேண்டுமே!

அந்த புல்லட் முதலில் தாத்தாவுடையது. பழைய 346 சி.சி. இன்ஜின், 18 குதிரைத்திறன், நாலு கியர், முன்னும் பின்னும் டிரம் பிரேக். இப்போது வரும் வண்டிகளில் கியர் இடது காலில், பிரேக் வலது காலில். இதில் எல்லாம் தலைகீழ். கியர் வலது, பிரேக் இடது. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது. தாத்தா போன பிறகு வண்டி மூன்று வருஷம் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. மாமா ஒரு நாள் வந்து சாக்கை எடுத்துவிட்டு, "மாப்ள, இதை க்ரூஸர் ஆக்கிடலாம்டா" என்றார். நான் குதித்தேன். அம்மா, "அப்பா வண்டியை ஒண்ணும் பண்ணிடாதடா" என்று மட்டும் சொன்னார்.

க்ரூஸர் என்றால் என்ன என்று கேட்கும் ஆறாம் வகுப்புத் தம்பிகளுக்காக: நீளமாக, தாழ்வாக இருக்கும். உயரமான ஹேண்டில்பார், முன்னால் தள்ளி வைத்த ஃபுட்ரெஸ்ட், பின்னால் அகலமான டயர். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி காலை நீட்டிக்கொண்டு போகலாம். இந்த ஸ்டைல் அமெரிக்காவிலிருந்து வந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் அங்கே பையன்கள் கனமான பைக்குகளின் மட்கார்டை வெட்டினார்கள், தேவையில்லாததையெல்லாம் கழற்றி எறிந்தார்கள். எதற்கு? எடை குறைந்தால் வேகம் கூடும் என்று! அதாவது ஸ்டைல் பிறந்ததே ஸ்பீடுக்காகத்தான். பிறகு வெட்டுவதே அழகாகிவிட்டது. ஃபோர்க் நீண்டது, ஹேண்டில்பார் ஏறியது. 1969-ல் 'ஈஸி ரைடர்' என்ற படத்தில் அந்த நீள ஃபோர்க் வண்டிகளைப் பார்த்து உலகமே மயங்கியது. அதற்குள் ஸ்பீடு எங்கேயோ இறங்கிப் போய்விட்டது.

நம் ஊருக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்துதான் திருவொற்றியூரில் புல்லட்டை ஆரம்பித்தார்கள். 2013-ல் நம் பக்கத்து ஒரகடத்தில் தொழிற்சாலை வந்தது, 2017-ல் வல்லம் வடகாலில் இன்னொன்று. கம்பெனியே க்ரூஸரும் செய்கிறது. 2002-ல் தண்டர்பேர்ட், 2020-ல் மீட்டியர் 350. 2023-ல் விற்பனைக்கு வந்த சூப்பர் மீட்டியர் 650-ஐப் பாருங்கள். 2018-ல் வந்த இன்டர்செப்டர் 650-ல் இருக்கும் அதே 648 சி.சி. இரட்டை சிலிண்டர் இன்ஜின்தான், அதே 47 குதிரைத்திறன்தான். ஆனால் சூப்பர் மீட்டியர் 241 கிலோ! இன்டர்செப்டரைவிட நல்ல கனம். ஒரே இன்ஜினை ஒன்றில் வேகத்துக்கும் இன்னொன்றில் சாய்ந்து உட்காரவும் கொடுத்திருக்கிறார்கள். அதற்குத் தக்கபடி சட்டம், பிரேக், டயர் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு மாற்றியிருக்கிறார்கள். நாங்கள் போட்ட கணக்கு வேறு.

எங்கள் கணக்கு புதுப்பேட்டையில் ஆரம்பித்தது. அங்கே கிடைக்காத பார்ட்ஸே இல்லை. பழைய சாமான் குவியலுக்கு நடுவில் மாமா ஒரு கொம்பு ஹேண்டில்பாரைக் கண்டுபிடித்துத் தூக்கிக் காட்டியபோது, ஜல்லிக்கட்டில் பரிசு வாங்கியவர் மாதிரி இருந்தார். அகல டயர் ஒன்று, குட்டை சைலன்சர் ஒன்று. சைலன்சருக்கு குரோம் பூச வேண்டும் என்றதும் நான், "குரோம்பேட்டையில கொடுத்துடலாம் மாமா, பேரே அதானே" என்றேன். சிரிக்காதீர்கள். குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது அங்கே இருந்த குரோம் லெதர் கம்பெனியால் என்று பிறகுதான் தெரிந்தது. தோல் பதனிட குரோமிய உப்பைப் பயன்படுத்துவார்களாம். சைலன்சருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை!

சேலையூர் பக்கம் மாமாவுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஃபோர்க்கை நீட்டணும் என்றதும் கையைத் துடைத்துக்கொண்டே, "அதுல நான் கை வைக்க மாட்டேன் சார்" என்றார். "முன் சக்கரம் தள்ளிப் போச்சுன்னா நேரா போறப்ப சுகமா இருக்கும். திரும்பறப்ப வண்டி உங்க பேச்சைக் கேக்காது. வெல்டிங் விட்டுச்சுன்னா அவ்ளோதான்." மாமா முகம் வாடிப்போனது. மற்றதைச் செய்ய அவர் ஒத்துக்கொண்டார். ஹேண்டில்பாரை ஏற்றி, அதற்காக பிரேக் கேபிளை நீளமாக்கி, சீட்டை இறக்கி, ஃபுட்ரெஸ்டையும் பிரேக் பெடலையும் ஓர் அடிக்கு மேல் முன்னால் கொண்டுபோய் ஒரு நீளக் கம்பியால் இணைத்தார். பதினைந்து நாள் வேலை.

வண்டி வெளியே வந்த அன்று எங்கள் தெருவே வாசலுக்கு வந்தது. நான் பின் சீட்டில் உட்கார்ந்து முடிச்சூர் ரோட்டில் போனபோது, டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். அந்தச் சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். பக்கத்து வீட்டுக் குழந்தை மட்டும் சைலன்சர் சத்தத்தில் தினமும் எழுந்து அழுதது.

மறுநாள் சைக்கிள் ஸ்டாண்டில் நான் பேசிய பேச்சு! நண்பன் விடவில்லை. "எங்கண்ணன் வண்டி முன்னாடி உங்க மாமா வண்டி நிக்குமா?" என்றான். ஆர்.எக்ஸ்.100 எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். 98 சி.சி. டூ ஸ்ட்ரோக், 11 குதிரைத்திறன், எடை ஏறக்குறைய 100 கிலோ. 1996-ல் உற்பத்தியை நிறுத்தியும் இன்றுவரை அதற்கு மவுசு குறையவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு வண்டியும் ஒரகடம் போய் வருவதாக முடிவாயிற்று. ரேஸ் இல்லை என்று மாமா கண்டிப்பாகச் சொன்னார். "ஸ்பீடு வேணும்னா இருங்காட்டுக்கோட்டைக்குப் போங்கடா, அதுக்குத்தான் 1990-லயே டிராக் கட்டி வெச்சிருக்காங்க" என்றார். ஆனால் நான் கையில் கடிகாரம் கட்டியிருந்தேன்.

காலை ஆறு மணிக்கு மேற்குத் தாம்பரத்தில் கிளம்பினோம். முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பை, ஒரகடம். ஆர்.எக்ஸ் 'வீங்' என்று கண்ணுக்கு மறைந்துவிட்டது. நாங்கள் 'டப் டப்' என்று போனோம். ஒரகடம் கூட்டு ரோட்டில் அவர்கள் டீ வாங்கிக் கையில் வைத்திருந்தார்கள். எவ்வளவு நேரம் முன்னால் வந்தார்கள் தெரியுமா? நாலே நிமிஷம்! டீ இன்னும் ஆறவில்லை. நண்பனுக்கு ஏமாற்றம், எனக்குப் பெருமை. பிறகு வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 கிலோமீட்டரை 60 கி.மீ. வேகத்தில் போனால் 20 நிமிஷம், 80-ல் போனால் 15 நிமிஷம். வித்தியாசம் ஐந்து நிமிஷம். அதையும் ஒரு லாரியோ ஒரு மாட்டு மந்தையோ பிடுங்கிக்கொள்ளும். ஸ்டைல் ஜெயித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேதான் திரும்பினேன்.

திரும்பும்போது வண்டலூர் வழியாக ஜி.எஸ்.டி. ரோட்டில் வந்தோம். பெருங்களத்தூர் தாண்டும் முன்பு, நின்றிருந்த பஸ்ஸுக்கு முன்னாலிருந்து ஓர் ஆயா தலையில் கீரைக் கூடையுடன் ரோட்டில் இறங்கிவிட்டார். நாங்கள் 60 கூடப் போகவில்லை. மாமா பார்த்துவிட்டார். இடது காலால் ஓங்கி மிதித்தார். மிதித்த இடத்தில் ஒன்றும் இல்லை!

பிரேக் பெடல் ஓர் அடி முன்னால் இருக்கிறது. மாமாவின் காலுக்கு அது தெரியாது. பத்து வருஷம் தாத்தா வண்டியை ஓட்டிய கால், பழைய இடத்தைத் தேடிப்போய் வெறும் காற்றை மிதித்தது. கையைப் பிடித்தார், நீளக் கேபிள் இழுத்துக்கொண்டே போயிற்று, பிரேக் பாதிதான் பிடித்தது. ஹேண்டிலை ஒடித்தார். வண்டி சாய்ந்தது. கொம்பு ஹேண்டிலின் நுனி கூடையில் பட்டுக் கூடை பறந்தது. நாங்கள் இருவரும் தார் ரோட்டில் கிடந்தோம். ஹெல்மெட் இருந்ததால் எனக்கு முழங்காலோடு போயிற்று.

ஆயாவுக்குக் காயம் எதுவும் இல்லை. அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. நானும் மாமாவும் சிதறிக் கிடந்த முருங்கைக் கீரையைப் பொறுக்கினோம். மாமா 500 ரூபாய் நீட்டினார். கீரைக்கு உண்டான காசை மட்டும் எடுத்துக்கொண்டு, "ஏன் சாமி, வண்டில பிரேக்கு இல்லியா?" என்று கேட்டார். மாமாவிடம் பதில் இல்லை.

அம்மா மாமாவிடம் ஒரு மாதம் பேசவில்லை. என்னிடம் பேசினார், அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "பண்ணிடாதடான்னு சொன்னேன்ல, நீயும்தானே சேர்ந்து குதிச்ச" என்றார். உண்மைதான். மெக்கானிக் அண்ணன் ஃபோர்க்கைத் தொட மாட்டேன் என்ற அன்றே மாமா பாதி மனம் மாறியிருந்தார். "மத்ததையாவது பண்ணுங்க மாமா, ஸ்கூல்ல சொல்லிட்டேன்" என்று அவரைப் பிடித்து இழுத்தவன் நான். இதை இதுவரை வீட்டில் சொன்னதில்லை. சுவரிதழில் எழுதினால் எப்படியும் தெரிந்துவிடும், தெரியட்டும்.

இயற்பியல் சாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். 60 கி.மீ. வேகம் என்றால் வினாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர். நல்ல பிரேக் வினாடிக்கு வினாடி 7 மீட்டர் வேகத்தைக் குறைக்கும் என்று வைத்துக்கொண்டால், வண்டி சுமார் 20 மீட்டரில் நிற்கும். 5 மீட்டர்தான் குறைக்கிறது என்றால் சுமார் 28 மீட்டர் ஆகும். கால் பெடலைத் தேடும் ஒரு வினாடிக்கு இன்னும் 17 மீட்டர் சேர்த்துக்கொள். அந்த ஆயா நின்ற தூரம் அவ்வளவு இருந்ததா என்று கேட்டார். நான் எண்ணிப் பார்க்கவே விரும்பவில்லை.

சைக்கிள் ஸ்டாண்டில் நாங்கள் இத்தனை நாளாகக் கத்தியது தப்பான தலைப்பு. ஸ்டைலுக்கு நாம் கொடுக்கும் விலை ஸ்பீடு என்றுதான் நினைத்தோம். தாம்பரத்தில் யார் அந்த ஸ்பீடை உபயோகிக்க முடியும்? அதில் எங்களுக்கு நஷ்டமானது நாலு நிமிஷம், ஒரு டீ. நாங்கள் நிஜமாகக் கொடுத்தது நிற்பதையும் திரும்புவதையும். அது வாங்கும்போது தெரியவில்லை, கண்ணாடியில் பார்த்தாலும் தெரியாது.

சட்டம் இருக்கிறது என்பதும் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லியிருக்கிறது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, மாற்றிய ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். ஹேண்டில், பெடல், சைலன்சர், டயர் என்று விரல் விட்டு எண்ணிய மாமா பாதியில் எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

இப்போது வண்டி பழையபடி இருக்கிறது. தாத்தா காலத்துப் பாகங்களை மெக்கானிக் அண்ணன் பத்திரமாகச் சாக்கில் கட்டி வைத்திருந்தார், "நீங்க திரும்பி வருவீங்கன்னு தெரியும் சார்" என்று. கொம்பு ஹேண்டில் எங்கள் மொட்டை மாடியில் இருக்கிறது. அம்மா அதில் துணி காயப் போடுகிறார். மாமா வண்டியை எடுக்கும் முன்பு இடது காலால் பிரேக்கை இரண்டு தடவை மிதித்துப் பார்க்கிறார். நண்பன் அவன் அணியில்தான் இருக்கிறான். நான் எந்த அணி என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. க்ரூஸர் போனால் இன்றைக்கும் திரும்பிப் பார்க்கத்தான் செய்கிறேன்.

போன வாரம் அம்மாவுடன் பெருங்களத்தூர் போயிருந்தபோது அதே ஆயா அதே பஸ் ஸ்டாப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார். கீரைக் கட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, "இப்ப நிக்குதா உங்க வண்டி?" என்று கேட்டார்.

"நிக்குது ஆயா."

"எங்க நிக்குது?"

எனக்குப் புரியவில்லை. அம்மா சிரித்துவிட்டார்.

– பதினோராம் வகுப்பு, 'ஆ' பிரிவு