வஞ்சிரம் ஃப்ரெஷ்ஷா மச்சி?

திங்கள் முதல் வெள்ளி வரை நான் மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம். சனி, ஞாயிறு மாமல்லபுரத்தில் ஒரு கடலோர ரெஸ்டாரன்ட்டில் சர்வர். கிளாஸ்ல ஒருத்தனுக்கும் தெரியாது... போன மே மாசம் வரைக்கும்!

மாடியில் உட்கார்ந்தால் கீழே மணலில் ஃபைபர் படகுகள், தள்ளி கடற்கரைக் கோயில். வாசலில் ஐஸ் மேல மீனை அடுக்கி வைத்திருப்போம். கஸ்டமர் கை காட்டுற மீனை எடை போட்டு ரேட் சொல்லணும். ஓகேன்னா வறுவலோ, பூண்டு போட்டு கிரில்லோ. அந்த டிரே என் பொறுப்பு. முதல் நாளே ஓனர் அண்ணன் சொல்லிட்டார்... "யார் கேட்டாலும் காலைல வந்ததுன்னு சொல்லு."

மே மாசம் அது பெரும்பாலும் பொய். நம்ம கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் (2017-க்கு முன்னாடி 45 நாள்தான்). விசைப்படகு போகாது, சின்னப் படகுகள்தான் போகும். கேரளா பக்கம் தடை ஜூன் மாசம்தான் ஆரம்பம். அதனால அங்கிருந்து பெட்டியில் ஐஸ் போட்டு லாரியில் வரும். ஐஸ் மீன் ஒண்ணும் விஷம் இல்லை பாஸ். ஆனா, அது 'காலைல வந்தது' இல்லையே!

அந்த ஞாயிறு, பர்த்டே ட்ரீட்டுனு என் கிளாஸ் பசங்க ஆறு பேர் பைக்கில் வந்து இறங்கிட்டாங்க. கிச்சன்ல ஒளியப் பார்த்தேன். முடியலை. "டேய், நீயா!"னு ஒரு நிமிஷம் முழிச்சாங்க. அவ்வளவுதான். இதுக்கா ரெண்டு வருஷமா மறைச்சேன்னு எனக்கே சிரிப்பு. அடுத்ததுதான் சிக்கல்.

"வஞ்சிரம் ஃப்ரெஷ்ஷா மச்சி?"

பின்னாடி கல்லாவில் அண்ணன். நான் பேசாம வஞ்சிரத்தோட செவுளைத் தூக்கிக் காட்டினேன். பழுப்பு. பக்கத்தில் சங்கராவோடது ரத்தச் சிவப்பு. புரிஞ்சுக்குவான்னு பார்த்தா, "என்னடா பிரவுனா இருக்கு, மசாலாவா?"னு கத்துறான்! இவன் எல்லாம் எப்படி அரியர் இல்லாம பாஸ் பண்றானோ...

வேற வழியில்லை. "அது ஐஸ் மீன்டா. சங்கரா எடு. விடியக்காலையில நம்ம கரையில இறங்கினது"ன்னேன்.

ராத்திரி, வேலை போச்சுன்னு நினைச்சுக்கிட்டே அண்ணன் முன்னாடி நின்னேன். திட்டலை. சம்பளத்தை எண்ணிக் கையில் வெச்சுட்டு நிதானமா கேட்டார்.

"உன் ஃப்ரெண்ட்ஸுக்கு உண்மையைச் சொல்லிட்டே, சரி. போன வாரம் சின்னக் குழந்தையோட ஒரு குடும்பம் வந்துச்சே... அவங்க கேட்டப்ப காலைல வந்ததுன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னது யாருப்பா?"

நான் டிரேயைக் கழுவப் போயிட்டேன்.